543 ஏன் மாறவில்லை?

கேள்வி: மக்கள்தொகை பெருகியும் மக்களவையின் 543 இடங்கள் ஏன் கூடவில்லை?

பதில்: ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்கு இடங்களைப் பங்கிடுவதே அரசமைப்பின் மூல ஏற்பாடு. அதன்படிதான் 1967-இல் தமிழ்நாட்டின் 41 இடங்கள் 39 ஆயின. இரண்டு நாற்காலிகள் போயின! குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கும் மாநிலத்துக்கு இடத்தைக் குறைப்பது, ஒழுங்காகப் படிக்கும் பிள்ளையின் சோற்றைக் குறைப்பதற்குச் சமம். அந்த அநியாயம் மீண்டும் நேராதிருக்க, 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கையே 2000-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நிலைநிறுத்தியது. 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இதற்கும் விலை உண்டு: 2011 கணக்குப்படி ராஜஸ்தானில் ஓர் உறுப்பினருக்குச் சுமார் 27 லட்சம் பேர்; தமிழ்நாட்டில் பதினெட்டரை லட்சம்.