விசில் கணக்கும் கோழி எலும்பு சூப்பும்

தமிழர் சமையலறையில் காலத்தை அளக்கும் அலகு விசில் என்பதும், அந்த அலகின் நீளம் எவருக்கும் தெரியாது என்பதும், கோழி எலும்பு சூப்பின் செய்முறையை ஆராயப் புகுவோர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மைகள். அச்செய்முறையை ஐயமற நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூட்டு, குருத்தெலும்பு, தோல் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் எனும் புரதம், நீரில் நெடுநேரம் வெந்தால், ஜெலட்டினாக, அதாவது ஆறிய சூப்பைக் கட்டியாக உறையவைக்கும் பொருளாக மாறுகிறது. திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; குக்கரினுள் அழுத்தம் கூடுவதால் அது ஏறத்தாழ 120 டிகிரியை எட்டி, வேலையை விரைவுபடுத்துகிறது. குக்கரின் முன்னோடியாக, 1679-இல் டெனிஸ் பாப்பின் எனும் பிரெஞ்சு அறிஞர் லண்டன் இராயல் சொசைட்டியின் முன் காட்டிய கலமும் எலும்பை மென்மையாக்கவே அமைக்கப்பட்டது. எனினும் எத்தனை விசில் என்று அவரிடம் கேட்க அங்கு அத்தைமார் எவரும் இல்லை.

இங்கோ, சென்ற ஞாயிறன்று காய்ச்சல்காரர் ஒருவரின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுந்த அதே வினாவுக்கு அத்தை 5 என்றும், பெரியம்மா 8 என்றும், அடுப்பங்கரைப் பக்கமே போகாத சித்தப்பா 15 என்றும் விடையிறுத்தனர். விசிலின் இடைவெளி தீயின் அளவையும் குக்கரின் கொள்ளளவையும் காஸ்கெட்டின் வயதையும் பொறுத்தது என்பதால் மூவர் கூற்றும் ஒருசேரச் சரியாகவோ தவறாகவோ இருக்கலாம். மேலும், ஸ்ஸ் என்று சீறிவிட்டு அடங்குவது முழு விசிலா, அரை விசிலா என்பதும், வெயிட்டைக் கரண்டியால் தூக்கிவிட்டு வரவழைத்த விசில் கணக்கில் சேருமா என்பதும், முதல் விசிலுக்குப் பின் சிம்மில் வைத்தால் அடுத்தது வராமலே போகக்கூடும் என்னும்போது எதை எண்ணுவது என்பதும் தீராத சிக்கல்கள். எண்ணும் பொறுப்பு கூடத்தில் சீரியல் பார்ப்பவரிடம் ஒப்படைக்கப்படுவதால், கதாநாயகி அழும்போது வந்த விசில்கள் விடுபடுகின்றன; அடுக்குமாடி வீடுகளிலோ பக்கத்து வீட்டுத் துவரம்பருப்பின் விசிலும் கோழியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

இத்தனை எண்ணியும் ஊட்டம் எவ்வளவு எனில், எலும்பிலிருந்து இறங்கும் கால்சியம் சொற்பம்; ஜெலட்டினில் டிரிப்டோபன் எனும் இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. ஜெலட்டினை மட்டுமே உண்டு நாய்களும் உயிர்வாழ இயலவில்லை என்று உடலியல் அறிஞர் மாஜென்டி தலைமையிலான பாரிஸ் குழு 1841-இலேயே அறிவித்துவிட்டது. ஊட்டம் மிஞ்சியிருக்கும் வெந்த சதையைச் சக்கை என்று சொல்லி, நோயாளிக்குத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றிவிட்டு, அச்சதையைத் தாமே மிளகு தூவி வறுத்து உண்போரின் கணக்கில்தான் பிழையே நேர்வதில்லை. சூப் கொண்டு செல்லும் உறவினர்கள் இனியேனும் கறியையும் கொண்டு செல்ல வேண்டும்.