ஆமா போடுகிற வாத்தியம்

பேத்தி செல்லோ படிக்கப் போகிறாள் என்றதும் எங்கள் அம்மா சொன்னாள்: "செல்லு அவளுக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்? பொறந்தப்பமே கையோட கொண்டுட்டு வந்தவள்லா!"

அம்மாவுக்கு 86 வயது. செல்லு வேறு, செல்லோ வேறு என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் செல்லோ என்றால் பேனா. எதிர்வீட்டு அண்ணாச்சிக்குத் தண்ணீர் பாட்டில். எனக்கு அது ஒரு வாத்தியம் என்ற வரைக்கும் தெரியும். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது தெரியாது.

எல்லாம் இளையராஜாவால் வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. பண்ணைப்புரத்துக்காரர் லண்டன் போகலாம், சுசீந்திரத்துக்காரி போகக் கூடாதா என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு அடுத்த வாரமே திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டீச்சரைப் பிடித்துவிட்டான். சனிக்கிழமை தோறும் ரயிலில் வருவார். தெருப் பிள்ளைகளையும் உறவுப் பிள்ளைகளையும் சேர்த்து ஒன்பது பேர் தேறினார்கள். ஐந்து வயலின், நாலு செல்லோ. வகுப்புக்கு இடம் எங்கே என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் பத்தாயப்புரையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

வயலெல்லாம் பிளாட்டாகிப் போன நாஞ்சில் நாட்டில் பத்தாயப்புரை என்பது பழைய குடை, உடைந்த ஃபேன், தேர்தலில் தோற்ற கட்சியின் கொடி ஆகியவை கிடக்கும் இடம். அங்கே இனி சங்கீதம் என்றதும் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். முதல் நாளே அது கரைந்தது. டீச்சர் வாசலில் நின்று செல்போனில் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவிடே ரெண்டு குவார்ட்டர், ஒரு ஹாஃப் வேணும். ஒரு ஃபுல் நான் கொண்டு வரும்."

வழியோடு போன எதிர்வீட்டு அண்ணாச்சி நின்றுவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிள்ளைகளுக்கு கிளாஸுன்னேரு?" என்றார்.

செல்லோவில் கால், அரை, முக்கால், முழு என்று அளவு உண்டு. பிள்ளை வளர வளர வாத்தியத்தை மாற்ற வேண்டும், பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி. ஆறேழு வயதுக்குக் கால் அளவு. முழு அளவு செல்லோ ஏறக்குறைய நாலடி உயரம்; எங்கள் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் குட்டை. இதை விளக்கிச் சொல்வதற்குள் அண்ணாச்சி அடுத்த தெருவுக்குச் செய்தியைக் கொண்டு போய்ச் சேர்த்திருந்தார்.

பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. வயலோன்செல்லோ என்பதுதான் முழுப் பெயர். இத்தாலிய மொழியில் 'வயலோனே' என்றால் பெரிய வயலின் சாதி. 'செல்லோ' என்பது சின்னது என்று காட்டும் ஒட்டு. ஆக, சின்னப் பெரிய வயலின். இதில் என்ன குழப்பம் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு சின்னப் பெரியப்பா இருந்தார். அவரும் அதே போல வயிறு பெருத்து, தொண்டை கனத்து, நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்.

நாற்காலி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. வயலின் நம் ஊருக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதற்குக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுத்தார்கள். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா வடிவேலுவுக்குத் தந்தத்தில் ஒரு வயலின் பரிசளித்தார். அப்போது எங்கள் சுசீந்திரமும் அந்த ராஜாவின் திருவிதாங்கூரில்தான் இருந்தது, ஆகவே அந்த வயலினில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. செல்லோ மட்டும் நாற்காலியை விடவில்லை. நெதர்லாந்தில் பிறந்த சாஸ்கியா ராவ் டி ஹாஸ் என்கிற அம்மையார் டெல்லியில் இருந்துகொண்டு, தரையில் அமர்ந்து வாசிக்கிற மாதிரி செல்லோவைத் திருத்தி அதில் இந்துஸ்தானி வாசிக்கிறார். சின்னப் பெரியப்பாவைத் தரையில் உட்காரவைத்த பெண் என்ற வகையில் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

எங்கள் செல்லோக்கள் நாற்காலியில்தான். அடியில் ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தரையில் ஊன்ற வேண்டும். பத்தாயப்புரைத் தரை சிமெண்ட் மெழுகி வழுவழுவென்று இருப்பதால் நாலு செல்லோவும் முதல் பாடத்திலேயே வாசலை நோக்கிப் புறப்பட்டன. டீச்சர் ரப்பர் தடுப்பு வாங்க வேண்டும் என்றார். என் மனைவி தென்னை நார் மிதியடி நாலைக் கொண்டுவந்து போட்டாள். பேத்தியின் மிதியடியில் 'நல்வரவு' என்று எழுதியிருக்கும். இப்போது 'ந' போய்விட்டது.

வில் பிடிப்பது அடுத்த சிக்கல். கோயில் கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த ஊர் இது. வில் என்றால் குடத்தின்மேல் வைத்து வீசுகோலால் அடிப்பது. அதைத் தேய்க்க வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? முதல் நாள் ஒருவன் செல்லோவின் நரம்பை ஓங்கி ஓர் அடி அடித்தான். சுடலைமாடன் கதை தொடங்கப் போகிறது என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வில்லுக்குப் போடுகிற ரோசினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பைன் மரப் பிசினில் செய்த கட்டி, தேன் நிறம். எட்டு வயதுப் பையன் ஒருவன் அதைச் சில்லுக்கருப்பட்டி என்று நினைத்துக் கடித்தான். அவன் தப்பு இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் எந்த அளவுக்கு ஆராய்ந்தேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

வாத்தியத்தின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அம்மா விசாரித்த அன்று வீட்டில் பூகம்பம். பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலில் காய்ச்சிய பசை. வில்லில் இருப்பது குதிரை வால் முடி. நரம்பு இப்போது உலோகம், முற்காலத்தில் ஆட்டுக்குடல். "இது பாட்டு கிளாஸா, கசாப்புக் கடையா?" என்று அம்மா கேட்டாள். மிருதங்கத்தைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை.

அந்தப் பசைக்கும் எங்கள் ஊர் மழைக்கும் ஆகாது. தமிழ்நாட்டின் பிற மாவட்டக்காரர்கள் பலர் ஒரு பருவமழைக்கே தவமிருக்கும்போது எங்களுக்கு இரண்டும் உண்டு. ஜூனில் ஒரு தடவை பசை இளகும். ஐப்பசியில் இன்னொரு தடவை பிரடை வீங்கிச் சுருதி நிற்காது. டீச்சர் ஒருநாள் தாணுமாலயன் கோயிலுக்குப் போய் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டுவிட்டு வந்தார். நெடுநேரம் பேசவில்லை. "சாரே, அதினு பசை வேண்டா, ட்யூனிங் வேண்டா" என்றார் கடைசியில். குரலில் பொறாமை தெரிந்தது.

ஆனால் பத்தாயம் அவரைச் சமாதானப்படுத்தியது. மூலையில் கிடந்த காலிப் பத்தாயத்தை அப்புறப்படுத்தச் சொன்னவர், செல்லோவின் ஆகக் கனத்த நரம்பில் வில்லை இழுத்ததும் திகைத்து நின்றார். வினாடிக்கு அறுபத்தைந்து தடவை அதிரும் நரம்பு அது. அதன் நாதம் பத்தாயத்தின் பலகைக்குள் புகுந்து, அதுவும் கூடச் சேர்ந்து முனகியது. "பத்தாயம் பாடுந்நுண்டு!" என்று கத்தினார். என் தாத்தா காலத்தில் அது நெல்லால் நிறைந்திருந்தபோது ஒரு சத்தமும் போட்டதில்லை.

டீச்சர் நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கி நகரப் பேருந்தில் வருவார். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முதல் தடவை ஃபுல் செல்லோவோடு ஏறியபோது நடத்துனர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாராம். "எக்கா, ஒங்களுக்கு டிக்கெட் கிடையாது. கூட நிக்கவங்களுக்கு?"

"அதும் பெண்ணு தன்னே" என்றிருக்கிறார் டீச்சர்.

"லக்கேஜுல ஆண் பெண் கிடையாதுக்கா" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். சட்டம் தெரிந்தவர். இன்றும் அந்த வழித்தடத்தில் செல்லோ காசு கொடுத்துத்தான் பயணம் செய்கிறது.

பத்தாயப்புரையில் நடக்கிற குழு உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று என் மனைவி ஒருநாள் டீச்சரிடம் கேட்டுவிட்டாள். டீச்சர் சொன்னதை நான் பிறகு தேடிப் படித்தும் பார்த்தேன். 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஒரு கார் ஷெட்டில் 11 பிள்ளைகளோடு ஆரம்பித்ததுதான் 'எல் சிஸ்தேமா'. அது நாடெங்கும் இலட்சக்கணக்கான பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டு இளைஞர் குழு 2007இல் லண்டனில் வாசித்ததைப் பார்த்த கோவாக்கார டாக்டர் லூயிஸ் டயஸ், ஊருக்குத் திரும்பி 2009இல் 'சைல்ட்ஸ் பிளே இந்தியா' என்ற அமைப்பைத் தொடங்கி ஏழைப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுத்தருகிறார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியோடு சேர்ந்த சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவிலும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் வாசிக்கிறார்கள். "அப்பம் நம்ம பத்தாயப்புரை ஒண்ணும் மோசமில்ல, கேட்டேளா" என்றாள் மனைவி. அவர்கள் 11 பேர், நாங்கள் ஒன்பது. கார் ஷெட்டுக்கும் பத்தாயப்புரைக்கும் ரெண்டு பிள்ளைதான் வித்தியாசம்.

ஐப்பசியில் அழைப்பு வந்தது. நாகர்கோவில் பக்கத்துச் சபை ஒன்றில் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த காலம் தொட்டுப் பாமாலையும் கீர்த்தனையும் பாடிப் பழகிய மாவட்டம். நாலு குரலில் பாடும் பாடகர் குழு சின்னச் சபையில்கூட இருக்கும். சுருதி பிசகினால் கடைசி வரிசைப் பாட்டி திரும்பிப் பார்ப்பாள். அங்கே எட்டு மாதப் பயிற்சியோடு போவதா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. டீச்சர் கலங்கவில்லை. பாகெல்பெல்லின் 'கேனன்' என்றார்.

1706இல் இறந்துபோன ஜெர்மானியர் பாகெல்பெல். அவருடைய இந்த உருப்படி நெடுங்காலம் தூங்கிக் கிடந்து, 1968இல் பையார் என்ற பிரெஞ்சுக்காரரின் இசைத்தட்டு வந்த பிறகு உலகமெங்கும் பரவியது. இதில் வயலின்களுக்குக் கொண்டாட்டம்; ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். செல்லோவுக்கு எட்டே எட்டுச் சுரம். நம் கணக்கில் சொன்னால் சங்கராபரணத்தில் ச ப த க ம ச ம ப. அந்த எட்டையே 28 தடவை வாசிக்க வேண்டும். ஒரு சுரம் கூடாது, குறையாது.

பேத்தி அழுதாள். "வயலின் பிள்ளைகளுக்கு மட்டும் பாட்டு, எனக்கு மட்டும் இதா, பாட்டா?"

நான் வில்லுப்பாட்டைச் சொன்னேன். புலவர் கதை சொல்லுவார், கைதட்டல் வாங்குவார். பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போடுவார். ஒரு வரிக்கு அந்த ஆமா விழவில்லை என்றால் புலவர் தடுக்கி விழுவார். எங்கள் ஊரில் புலவர் ஆக ஆசைப்பட்டவர்கள் வீட்டுக்கு நாலு பேர். ஆமா போடத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கல்யாணமான 41 வருஷமாக நான் அந்தப் பணியில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆமா" என்றேன்.

28ஐ எண்ணுவதுதான் பாடு. இரண்டு கையும் வாத்தியத்தில். ஆகவே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையாக நகர்த்தினாள். 28 கொட்டை முடிந்ததும் "போதும் மக்கா" என்பாள். நாலு செல்லோவும் நிற்கும். கசாப்புக் கடை என்றவள் இரண்டே வாரத்தில் தூக்கத்தில் ச ப த க ம முனக ஆரம்பித்தாள்.

ஆராதனை அன்று கொட்டை தேவையில்லை, என்னைப் பாருங்கள், தலையசைப்பேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நல்ல ஏற்பாடு. வீடியோக்காரர் ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, டீச்சருக்கும் செல்லோக்களுக்கும் நட்டநடுவில் நிற்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

வயலின்கள் ஓடி, துரத்தி, சேர்ந்து முடித்தன. டீச்சர் தலையசைத்தார். அதை வீடியோக்காரரின் முதுகு பார்த்தது. செல்லோ நாலும் தொடர்ந்தன. ச ப த க. முன்வரிசையில் அம்மா முந்தியிலிருந்த கொட்டைகளை எண்ணி முடித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பேத்தி அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தி வாசித்தாள். போதகர் எழுந்து ஒரு நிமிஷம் காத்திருந்தார். நிற்கிற வழி தெரியவில்லை. "காணிக்கை எடுக்கலாம்" என்று கைகாட்டிவிட்டார்.

பைகள் புறப்பட்டன. பாட்டு ஓய்ந்தால்தான் நிறுத்துவது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. பாட்டு ஓயவில்லை. இரண்டாவது தடவையும் பை என் முன்னால் வந்து நின்றது. பேத்தி வாசிக்கும்போது பாட்டா கையை மடக்க முடியுமா? போட்டேன். 43ஆவது சுற்றில் வீடியோக்காரர் பேட்டரி மாற்றக் குனிந்தார். டீச்சரின் தலை தெரிந்தது. நின்றது.

வெளியே முந்திரிக்கொத்தும் கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தார்கள். டீச்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நான் எங்கயும் தப்பல பாட்டா" என்றாள் பேத்தி. உண்மைதான், அத்தனை சுற்றிலும் ஒரு சுரம் பிசகவில்லை. பாடகர் குழுவில் பாஸ் பாடுகிற பெரியவர் வந்து என் கையைப் பிடித்தார். "வயலின் கிடக்கட்டும். காணிக்கைக்கு வாசிச்சேளே அது கொள்ளாம், கேட்டேளா!"

இந்த டிசம்பருக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். வயலின் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தால் பரவாயில்லையாம், செல்லோ நாலும் வந்தால் போதுமாம்.