பெல்ட் அறுந்த தீபாவளிகள்

வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காது கூடுதலாக வாய்த்துவிடும். அடுத்த அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும், மெஷின் சீராக ஓடுகிறதா, மழுங்கிப்போன ஊசி 'டக் டக்'கென்று துணியைக் குத்துகிறதா, நூல் அறுந்தது தெரியாமல் சும்மா சுற்றுகிறதா என்று அந்தக் காது கண்டுபிடித்துவிடும். சத்தம் சட்டென்று நின்றால் வீடே தலைநிமிரும். "ஒண்ணுமில்ல, பாபின்ல நூலு தீந்துபோச்சு" என்று அம்மா குரல் கொடுத்த பிறகுதான் மறுபடியும் கணக்கில் கண் போகும். உங்கள் வீட்டில் மெஷினுக்குப் பதிலாகத் தறி இருந்திருந்தால் அந்தக் காது நாடாவின் ஓசைக்குப் பழகியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊர் திண்டுக்கல். 1985இல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, நாங்கள் இன்னும் மதுரை மாவட்டத்துக்காரர்களாக இருந்த நாள்களில், தெருவைப் பார்த்த முன்னறையில் அம்மா ஜாக்கெட்டும் பாவாடையும் பள்ளிக்கூடத்துச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்தாள். கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூ வரைந்த மிதி மெஷின், தவணையில் வாங்கியது. தையல் மெஷினைத் தவணையில் விற்கும் வழக்கத்தை அமெரிக்காவில் சிங்கர் நிறுவனம் 1856லேயே தொடங்கிவிட்டது என்று பின்னாளில் படித்தபோது, மாதா மாதம் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் எண்ணிய அம்மாவுக்கு முன்னால் அத்தனை தலைமுறைப் பெண்கள் உலகமெங்கும் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

அந்த மெஷினுக்கு நோய் வரும் காலம் எங்களுக்கு மனப்பாடம். தீபாவளி வருவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை வருவதும் ஐப்பசியில். மிதிக்கும் சக்கரத்தையும் மேலே உள்ள கைச்சக்கரத்தையும் இணைக்கும் தோல் பெல்ட், ஈரக்காற்றைக் குடித்து நீண்டுபோகும். கீழே சக்கரம் சுற்றும், மேலே ஊசி அசையாது. வருஷத்தில் எந்த மாதம் துணி மலையாகக் குவிகிறதோ அந்த மாதம்தான் பெல்ட்டும் தளரும். அம்மா கத்தரிக்கோலால் விரல்நகம் அளவுக்குத் தோலை வெட்டிவிட்டு, குத்தூசியால் புது ஓட்டை போட்டு, கம்பிக் கொக்கியை மாட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவாள். வெட்டி வெட்டிக் குட்டையான பெல்ட் ஒருநாள் அறுந்தே போகும். தோல் பதனிடும் ஊரில் பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்துகொண்டு கடைக்கு ஓடுவது என் வேலை. புதுத் தோலின் வாடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்த அந்தச் சிறுவன், தெருவின் தீபாவளியே தன் கையில் இருப்பதாக நம்பினான். அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று இப்போது தெரிகிறது.

பெல்ட்டுக்கு அடுத்தது எண்ணெய். மெஷின் எண்ணெய் தீர்ந்த அவசரத்தில் தேங்காய் எண்ணெயை விட்டுவிடும் வீடுகள் தெருவில் நிறைய இருந்தன. மார்கழிக் குளிரில் அது உள்ளேயே உறைந்து பிசினாகிவிடும். சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளினாலும் நகராது. அப்படி இறுகிப்போன மெஷின்காரர்கள் அம்மாவைத்தான் தேடி வருவார்கள். ரேஷன் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக ஒவ்வொரு துவாரத்திலும் விட்டு, ஊசியில் நூலில்லாமல் ஓட்டச் சொல்லி, கறுப்பாகக் கசிவதைப் பழந்துணியால் துடைத்து, பிறகு நல்ல எண்ணெய் போட்டால் மெஷின் பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கும். இதற்கு அம்மா காசு வாங்கியதில்லை. பதிலுக்கு ஒரு கிண்ணத்தில் பணியாரமோ முருங்கைக்காயோ வரும்.

அம்மாவின் கைக்கு அடங்காதவற்றுக்கு மெக்கானிக் அண்ணன் சைக்கிளில் வருவார். கேரியரில் மரப்பெட்டி. வந்ததும் திருப்புளியை எடுக்க மாட்டார். கைச்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார், நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி. "அடியில நூல் சிக்குதுன்னா அடியில பாக்கக் கூடாது தம்பி, மேல் நூலப் பாக்கணும்" என்று அவர் சொன்னது, பிறகு நான் பார்த்த எத்தனையோ வேலைகளுக்குப் பொருந்தியிருக்கிறது. ஊசி கீழே போய் மேலே எழும்போது நூல் ஒரு சிறு கண்ணியாக விரியும். சரியாக அந்தக் கணத்தில் கீழே இருக்கும் கொக்கி வந்து அந்தக் கண்ணியைப் பிடித்துப் பாபின் நூலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மயிரிழை முன்னே பின்னே ஆனால் தையல் விட்டுவிட்டு விழும். இதையெல்லாம் அவர் மெஷினைச் சாய்த்து வைத்துக் காட்டுவார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். துணி வாங்க வந்த அக்காமாரும் பார்ப்பார்கள்.

அந்த அக்காமாரைச் சொல்ல வேண்டும். மெஷின் நின்றுவிட்டது என்று தெரிந்தால் யாரும் முகம் சுளித்துத் திரும்பிப் போனதில்லை. என்ன பழுது என்பது அவர்கள் கண்ணெதிரேயே கழற்றிக் கிடந்தது. திண்ணையில் அமர்ந்து, தங்கள் ஜாக்கெட்டுக்குத் தாங்களே கொக்கி வைத்தார்கள், ஓரம் அடித்தார்கள், காஜா எடுத்தார்கள், பேசினார்கள். ஒருமுறை பாபின் கேஸின் பொடித் திருகு மரை தேய்ந்து, நூல் இறுக்கம் நிற்காமல் போனது. கடையில் அந்தத் திருகு இல்லை. விடிந்தால் தீபாவளிக்கு முந்தின நாள். பக்கத்துத் தெருவில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த மாமா, பூட்டுக்கு நெம்புகோல் அராவுகிற அதே சின்ன அரத்தால் வேறொரு திருகை அராவி, மரை போட்டுக் கொடுத்தார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது பூட்டல்ல, அந்தத் திருகு.

ஒரு தெருவே சேர்ந்து ஒரு மெஷினைப் பிழைக்க வைக்க முடிந்ததற்குக் காரணம் அன்பு மட்டுமல்ல. 1930களில் கல்கத்தாவில் உஷா மெஷின்களைச் செய்த ஜே இன்ஜினியரிங்கில் தொடங்கி, பிறகு லூதியானாவின் எண்ணற்ற பட்டறைகள் வரை, இந்தியாவில் வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் சிங்கரின் பழைய மாதிரி ஒன்றையே ஒட்டி உருவாயின. ஒன்றின் பாபின் இன்னொன்றில் பொருந்தும். லூதியானாவில் வார்த்த உதிரிப்பாகம் நத்தத்துச் சின்னக் கடையிலும் கண்ணாடிப் புட்டியில் கிடக்கும். உள்ளே ரகசியம் எதுவும் இல்லாததால் யாரும் அதைத் திறக்கலாம்.

காந்தியடிகள் தையல் மெஷினை வேறொரு பக்கத்திலிருந்து கண்டவர். எல்லா இயந்திரங்களையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் கேட்டபோது, சிங்கரின் தையல் மெஷினைத்தான் விதிவிலக்காகச் சொன்னார் காந்தி. சிங்கர் தம் மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் காணப் பொறுக்காமல் அன்பினால் செய்த கருவி அது என்பது அவர் கருத்து. கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னர் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து 1947இல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சின்னாளபட்டியை ஒட்டி, காந்திகிராமத்தைத் தொடங்கினார். அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் ஆளை அடிமையாக்காத கருவி எது என்பது அவளுக்கு மிதித்து மிதித்தே தெரிந்திருந்தது.

காலம் நகர்ந்தது. அம்மாவின் முழங்கால் தேய்ந்தது. மெஷினின் முதுகில் ஒரு சின்ன மோட்டார் ஏறியது. கால் நோகாமல் தைக்கலாம் என்று ஆனதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு 2012 வந்து சோதனை வைத்தது. சென்னைக்கு வெளியே மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த அந்த வருஷத்தை எந்தத் தையல்காரரும் மறந்திருக்க மாட்டார். ஜாக்கெட்டின் ஒரு கை தைத்து மறு கை வைக்குமுன் ஃபேன் நிற்கும், கூடவே மெஷினும் நிற்கும். கடைசியில் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பரணிலிருந்த பழைய பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினோம். அரிக்கேன் விளக்கடியில் அம்மா மறுபடியும் மிதித்தாள். உங்கள் தெருவிலும் யாரோ மிதித்திருப்பார்கள்.

இன்று அந்த முன்னறை என் தங்கையுடையது. சர்வோ மோட்டார் வைத்த பவர் மெஷின், ஓவர்லாக், பென் டிரைவில் டிசைனைச் செருகினால் தானே பூ வேலை செய்யும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன. பவர் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையல் வரைகூடப் போடும் இனம். மிதிக்கும்போது மட்டும் மின்சாரம் குடிக்கும். பழைய கிளட்ச் மோட்டாரைப் போலச் சும்மா இருக்கும்போதும் இரைந்துகொண்டிருக்காது. அளவு ஜாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினால் சிங்கப்பூரிலிருக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் இங்கிருந்தே தைத்து அனுப்புகிறாள். அம்மா வருஷம் முழுக்க மிதித்துச் சேர்த்ததைத் தங்கை ஒரு முகூர்த்த மாதத்தில் சம்பாதிக்கிறாள். அவள் முழங்கால் நன்றாக இருக்கிறது. இந்த மாற்றத்தை நான் ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் ஓர் ஆவணியில், முகூர்த்தம் நெருங்கி வந்த நேரத்தில், எம்பிராய்டரி மெஷின் திரையில் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டிவிட்டு நின்றது. ஊசி மாற்றினாள், நூல் மாற்றினாள், தூசி தட்டினாள், அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே எழுத்து, அதே எண். சர்வீஸ் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். வந்தவர் போர்டு போய்விட்டது என்று சொல்லி அதைக் கழற்றி இன்னொரு ஊருக்கு அனுப்பினார். மூலையில் நாற்காலியில் இருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தொறந்து பாத்தா என்னம்மா?"

"தொறந்தா வாரண்டி போயிரும்மா."

அம்மா அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க மெஷினைத் திறந்து திறந்தே பிழைக்க வைத்தவளுக்கு, காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்தால் குற்றம் என்பது எப்படிப் புரியும்? போர்டு வரும்வரை தங்கையின் போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டதா அக்கா, எப்போது கிடைக்கும் அக்கா என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பழுது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, வந்து உட்காரத் திண்ணையும் இல்லை.

அந்த ஆவணியைக் காப்பாற்றியது ஆரி ஊசி. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கும் அந்தக் கைவேலையைத் தங்கை முன்பே கற்றிருந்தாள். தெருவில் தெரிந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முன்னறையில் மறுபடியும் பேச்சும் சிரிப்பும் கேட்டது. அம்மா மணிகளை நிறம் பிரித்துக் கொடுத்தாள். இத்தனை வேகமான மெஷின்கள் வந்த பிறகும் கல்யாண ஜாக்கெட்டில் அதிக விலை பெறுவது அந்தக் கைவேலைதான். வேகம் ஒரு பக்கம் ஓட, மதிப்பு இன்னொரு பக்கம் பொறுமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாகவும் நிறைவாகவும் இருந்தது.

பழைய மெஷினே போதும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தொழில் செய்யும் பெண்ணுக்கு மெஷின்தான் கடை, மெஷின்தான் முதல்; அது நின்றால் அன்றைய உலையும் நிற்கும். அப்படிப்பட்ட பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை அவளுக்கு வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது நல்ல தொடக்கம். அது முன்னறைகள்வரை வர வேண்டும். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. அதனுடன் ஒரு திருப்புளியையும் ஒருநாள் பழுதுபார்க்கும் பாடத்தையும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தங்கை தன்னிடம் தையல் படிக்க வரும் பெண்களுக்கு இப்போது முதல் பாடமாக நேர்த்தையல் சொல்லித் தருவதில்லை. அம்மாவின் கறுப்பு மெஷினைச் சாய்த்து வைத்து, துணியை நகர்த்தும் பல்லுக்கடியில் சேர்ந்த பஞ்சை எடுக்கவும், எங்கெங்கே எண்ணெய் விடுவது என்று பார்க்கவும், கொக்கி நூலைப் பிடிக்கும் அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கவும் சொல்லித் தருகிறாள்.

மரப்பெட்டியோடு சைக்கிளில் வரும் அண்ணன்மார் குறைந்துவிட்டார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இன்னும் கடை திறந்து வைத்திருந்தால், பரணில் கிடக்கும் மெஷினை எடைக்குப் போடுமுன் அவரிடம் ஒருதடவை காட்டிவிடுங்கள். போகும்போது வீட்டுப் பிள்ளை ஒன்றையும் கூட்டிப் போய், அவர் கழற்றி மாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள்.