எட்டு அடுப்பு, ஒரே கரண்டி

கே: பைத்தான் கணினிமொழி இலவசம், உலகமே பயன்படுத்துகிறது. அப்புறம் அதற்கென்ன கவலை?

ப: இலவசப் பந்தியில் உட்கார எல்லோரும் வருவார்கள்; அடுப்படிக்குத்தான் ஆள் கிடைக்காது!

முதலில், இது பாம்பு இல்லை. 1991-இல் இதை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராஸம், 'மான்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் நினைவாக வைத்த பெயர். சிக்கலும் கொஞ்சம் காமெடிதான். கணினியில் எட்டு அடுப்பு எரிந்தாலும், அதாவது எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய முடிந்தாலும், பைத்தான் நிரலுக்கு ஒரே கரண்டி. அதைப் பிடித்திருப்பவர் மட்டும் கிண்டலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்கவேண்டும். மற்றவர்களைத் தடுத்துவைக்கும் இந்தக் கரண்டி உண்மையில் ஒரு பூட்டு; அதற்கு 'கில்' என்று பெயர். ஒற்றை அடுப்புக் காலத்தில் அது புத்திசாலித்தனம்தான்.

2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 பதிப்பு, பூட்டில்லாத வடிவத்தைச் சோதனையாகத் தந்தது. 2025-இல் 3.14 அதை முறையாக ஏற்றது. ஆனாலும் வேண்டுமென்று கேட்பவருக்குத்தான். பூட்டை நம்பி சி மொழியில் எழுதிய துணைநிரல்களைத் திருத்தவேண்டும். ஒற்றை அடுப்பு வேலை சற்று மெதுவாகும்.

ஏன் இவ்வளவு தயக்கம்? சூடுபட்ட பூனை. 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்தும், இரண்டாம் பதிப்பை வழியனுப்ப 2020 வரை ஆயிற்று. 2018-இல் ':=' என்ற குறியீட்டுக்காக நடந்த சண்டையில் கைடோ தலைமைப் பொறுப்பையே விட்டார். இப்போது ஐவர் குழு ஆள்கிறது. இரண்டு புள்ளிக்கும் இரண்டு கோட்டுக்கும் ஆட்சி மாறிய இடம் வேறெங்காவது உண்டா?