தொண்ணூற்றேழு சதவீதம்

இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலையை இரண்டு நாளுக்கு இழுப்பவரைச் சோம்பேறி என்போம். பள்ளிபாளையத்து நம்மாள் சோம்பேறி அல்ல. ராப்பகலாக உழைத்துத்தான் இழுக்கிறார்.

க்யூஜிஐஎஸ் என்றொரு வரைபட மென்பொருள். கேரி ஷெர்மன் 2002-ல் தொடங்கியது. காசு கிடையாது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நிலத்தடி நீர் ஆய்வாளர் முதல் நகரமைப்புக்காரர் வரை உலகமே புழங்குகிறது. உபுண்டுவில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் காபி ஆறுவதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி வந்ததை நம்மாள் தொடமாட்டார். "யாரோ கம்பைல் பண்ணுனதுங்க" என்று முகத்தைச் சுளிப்பார்.

மூலநிரலை இறக்கி, தானே கம்பைல் செய்ய, அதாவது தொகுக்க, உட்காருவார். விருப்பப்படி ஃப்ளாக்குகள் போட்டு, ஆயத்தக் கருவியான சிமேக்கை ஓட்டுவார். க்யூஜிஐஎஸ்ஸுக்கு வேண்டிய ஜிடால் என்ற லைப்ரரி கிடைக்கவில்லை என்று அது கைவிரிக்கும். ஜிடால் கணினியில்தான் இருக்கிறது. ஆனால் லைப்ரரி மட்டும் இருந்தால் போதாது, அதன் ஹெடர் கோப்புகளும் வேண்டும். அவை 'டெவ்' என்று வால் முளைத்த தனிப் பொட்டலத்தில் இருக்கும். அதைப் போட்டால் புரோஜ் எங்கே என்னும். புரோஜைப் போட்டால் க்யூட்டி பழசு என்னும். இப்படி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொட்டியபின் ஒருவழியாக, தொகுக்கும் வேலையை நடத்துகிற மேக் ஓடத் தொடங்கும். பக்கத்துத் தறிப்பட்டறைச் சத்தத்திலும் கணினியின் காற்றாடி திணறுவது அவருக்கு மட்டும் கேட்கும்.

எட்டு கோர் இருக்கிறதே என்று எட்டு வேலையை ஒரே நேரத்தில் ஏவுவார். நினைவகம் நிரம்பி வழியும். லினக்ஸ் கெர்னல் இருப்பதிலேயே பெரிய தலையாகப் பார்த்து ஒன்றைப் போட்டுத்தள்ளும். சில சமயம் அது, தொகுத்த துண்டுகளை ஒட்டவைக்கும் லிங்கராகவே இருக்கும்.

"சாப்பிட வா சாமி, எவ்வளவு ஆச்சு?"

"தொண்ணூத்தேழுங்கம்மா."

"நேத்தும் தொண்ணூத்தேழுன்னுதானே சொன்ன?"

கரண்டு போனால் அப்பா தறியைப் பார்த்துத் தலையில் கைவைப்பார், மகன் அசரமாட்டார். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, முடியாததை மட்டும் எடுத்துத் தொகுக்கும். அறுந்த பாவு இழையை முடிந்துவிட்டு அப்படியே ஓட்டுகிற ஊருக்கு இது புரியாதா என்ன. ஆனால் கரண்டு போன நொடியில் பாதி எழுதிய கோப்பு ஒன்று நேரத்தால் புதுசாகத் தெரியும், மேக் ஏமாந்துபோகும். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் பில்ட் ஃபோல்டரையே வழித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்கு எப்போதும் சந்தேகம் வரும்.

கூடுதல் வசதி தரும் செருகிகளின் கதை தனி. க்யூஜிஐஎஸ் செருகிகளில் பெரும்பாலானவை பைத்தானில் எழுதியவை, பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. அதனாலேயே அவற்றை அவர் மதிப்பதில்லை. மனசு முழுக்க, கிராஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளை இணைக்கும் செருகிமேல்தான். கிராஸ் 1980-களில் அமெரிக்க ராணுவத்தின் கட்டுமான ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. செருகியோ சி பிளஸ் பிளஸ், கிராஸ் பதிப்பு மாறினால் அதையும் மறுபடி தொகுத்தாக வேண்டும். க்யூஜிஐஎஸ்ஸும் நாலு மாசத்துக்கொரு புதுப் பதிப்பு விடும். வருஷம் பூரா வேலைக்குப் பஞ்சமில்லை.

மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் உரிமம் தந்திருக்கிறார்களே, ஒரு வரியாவது படித்ததுண்டா என்று கேட்டுவிடக் கூடாது. படிக்க நேரம் ஏது? நியாயமாகச் சொன்னால், இப்படிப்பட்டவர்கள் கட்டிப்பார்த்துக் கத்துவதால்தான் பல பிழைகள் வெளியே தெரிகின்றன. அந்த மரியாதை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். மற்றபடி யாரோ செய்ததைத் தொடாத இதே மனுஷன், சாயங்காலமானால் கடைக்குப் போய்ப் பள்ளிபாளையம் சிக்கன் ஒரு பிளேட் சொல்லி, காய்ந்த மிளகாயையும் தேங்காய்ச் சில்லையும் ஒரு கேள்வி கேட்காமல் வழித்துத் தின்கிறார்.

பெண் வீட்டார் வந்திருந்தபோது "மாசம் எவ்வளவு வருமுங்க மாப்ள?" என்று பெரியவர் கேட்டார். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வார்னிங் நெறைய வருமுங்க, எர்ரர் வராம பாத்துக்கலாமுங்க" என்றார். அந்தச் சம்பந்தம் கூடவில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகள், கிணறுகளின் நீர்மட்டத்தை வரைபடமாக்க உதவி கேட்டு வந்தாள்.

"அண்ணா, நாளன்னைக்கு சப்மிட் பண்ணோணும்."

"இரு கண்ணு, அந்த வெர்ஷன்ல ஒரு பக் இருக்குது. புதுசாக் கட்டியே தர்றேன்."

காத்திருந்து பார்த்தவள், தன் மடிக்கணினியில் தானே இறக்கி, வரைந்து, கொடுத்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் அச்செடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வட்டம் வட்டமாகக் கிணறுகள், நீலத்தில் காவிரி. நம்மாள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. எந்த ஃப்ளாக் போட்டு பில்ட் பண்ணுனாங்கன்னு பாத்தியா?"