நள்ளிரவு நீட்டிப்புக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: மத்திய நேரடி வரிகள் வாரியம், புது தில்லி.

அனுப்புநர்: கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ வட்டாரங்களில் சம்பளத்துக்கு இருப்போர், லேத் பட்டறை வைத்திருப்போர், கம்பெனி வேன் ஓட்டுவோர்.

பொருள்: வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஒரு நாள் கூடுதலாக வழங்கியமைக்கு நன்றி கூறுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய வாரியத்துக்கு,

இது புகார்க் கடிதம் அல்ல. புகார் செய்ய வேண்டுமென்றால் வரித்துறைத் தளத்துக்குள் நுழைய வேண்டும். நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வரக் கையில் செல்போன் வேண்டும். அதையோ ஷிஃப்ட் ஏறும்போதே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. எனவே நன்றிக் கடிதமாகவே எழுதப்படுகிறது.

2025 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. அன்றுதான் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். முன்கூட்டிய வரியின் இரண்டாம் தவணைக்கும் அன்றே கடைசி நாள். நாடு முழுக்க ஆடிட்டர் அலுவலகங்களில் விளக்கு அணையவில்லை. தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை என்று காலையிலிருந்தே முறையீடு. கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிஃப்ட் ஏறியவர்கள் பழைய இரும்பை உலையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருந்தபோது வாரியம் மனமிரங்கியது. கடைசித் தேதி செப்டம்பர் 16 ஆகிறது என்று எக்ஸ் தளத்தில் அறிவிப்பு வந்தது. அதே அறிவிப்பில் இன்னொரு தகவலும் இருந்தது: புதிய நாளின் முதல் இரண்டரை மணி நேரம், அதாவது 12 மணி முதல் 2.30 வரை, தளம் பராமரிப்பில் இருக்கும்.

கொடுத்த 24 மணி நேரத்தில் இரண்டரை மணியை முதலிலேயே பிடித்தம் செய்துகொண்டு மீதியை வழங்கிய நேர்த்தியைச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் முழுமையாக ரசிக்க முடியும்.

இந்த நீட்டிப்பால் யாருக்கு லாபம் என்று இந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அன்று வரை 7.3 கோடிக்கும் மேற்பட்டோர் தாக்கல் செய்துவிட்டிருந்தார்கள். கெடுவை நம்பி அரை நாள் லீவு போட்டவர், ஓவர்டைமை விட்டுக்கொடுத்தவர், அவசரம் என்பதால் கம்ப்யூட்டர் சென்டர்காரர் கேட்டதைக் கொடுத்தவர் எல்லாரும் அதில் அடக்கம். அவர்களுக்கு நீட்டிப்பால் பைசா பயனில்லை. இரவு ஷிஃப்ட்காரருக்குச் செய்தி தெரிந்ததே காலை ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே வந்து போனைத் திறந்தபோதுதான். இரவு 11.50-க்குக் கையில் போனோடு விழித்திருந்து, ‘எப்படியும் தள்ளிப்போடுவார்கள்’ என்று திடமாக நம்பியிருந்தவரே முழுப் பயனாளி. கெடுவை மதிக்காதவருக்குப் பரிசும் மதித்தவருக்குச் செலவும் வைத்த திட்டம் இது.

அந்த செப்டம்பர் 15-ம் அசல் தேதி அல்ல என்பதையும் நன்றியோடு நினைவுகூர வேண்டும். தணிக்கை தேவைப்படாதவர்களுக்குச் சட்டம் அப்போது சொன்ன தேதி ஜூலை 31. படிவங்களில் பெரிய மாற்றங்கள் செய்திருக்கிறோம், மென்பொருளைத் தயார் செய்ய அவகாசம் வேண்டும் என்று சொல்லி 2025 மே 27 அன்று வாரியமே தேதியைத் தள்ளிவைத்தது. ஐடிஆர்-2, ஐடிஆர்-3 படிவங்களுக்கான எக்செல் கோப்புகள் ஜூலை 11 அன்றுதான் வெளிவந்தன. நிதியாண்டு முடிந்ததோ மார்ச் 31. வாரியத்துக்கு மூன்று மாதம் தாமதமானால் அது நிர்வாகக் காரணம். லேத் பட்டறைக்காரருக்கு ஒரு நாள் தாமதமானால் அது 234எஃப்.

இந்த 234எஃப் பிரிவைப் பற்றிச் சில வார்த்தைகள். ஜூலை 31 எப்போதும் ஆடி மாதத்தில்தான் வரும். ஆடியில் தி.நகரிலிருந்து திருவள்ளூர் பஜார் வரை துணிக்கடைகள் விலையைக் குறைத்துப் பேனர் கட்டும். வருமான வரித்துறை ஒன்றுதான் ஆடி முடிவதற்குள் விலையை ஏற்றும் கடை. 2017 நிதிச் சட்டத்தின் வழியாக வந்த இந்தப் பிரிவின்படி, கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்ற கேள்வியே அதில் கிடையாது.

ரோலிங் மில்லில் ஆண்டுக்கு 6.75 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 2024–25 கணக்குப்படி, புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 போனால் வருமானம் 6 லட்சம். அதற்கு வரும் 15,000 ரூபாய் வரியை 87ஏ தள்ளுபடி துடைத்துவிடுகிறது. வரி பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்று உரிய நாளில் எழுதிக் கொடுக்கத் தவறினால் அபராதம் ஐயாயிரம். ஒன்றுமில்லாததற்கு ஐயாயிரம் விலை வைக்கத் தெரிந்த அமைப்பு உலகில் அதிகம் இருக்காது.

வரி பாக்கி இருப்பவருக்குச் சேவை இன்னும் சிறப்பு. 234ஏ பிரிவு மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி போடும். மாதத்தின் ஒரு பகுதி முழு மாதம். ஆகஸ்ட் 1 அன்று விழித்துக்கொண்டவர் ஒரு நாளுக்கு ஒரு மாத வட்டி தருவார். துறை அவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் இருந்தால், 244ஏ பிரிவு அதற்கும் வட்டி தரும்: மாதத்துக்கு அரை சதவீதம். ஒரே ரூபாய் தில்லிக்குப் போகும்போது சுமக்கும் வட்டி, கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பும்போது பாதியாகக் கரைந்துவிடுகிறது. மீதி வழியில் கூடூரில் இறங்கிக்கொள்கிறதோ என்னவோ.

ஐயாயிரத்தோடு விட்டுவிட்டதாகவும் நினைத்துவிடக் கூடாது. சம்பளக்காரர் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்க விரும்பினால் கெடுவுக்குள்ளேயே தாக்கல் செய்தாக வேண்டும். தாண்டினால் வீட்டு வாடகை, காப்பீடு, பிஎஃப் என்று ஆண்டு முழுக்க ரசீது சேர்த்ததெல்லாம் வீண், புதிய முறைதான். பட்டறை நஷ்டத்தில் ஓடியிருந்தால் அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. தாக்கல் செய்த பிறகு 30 நாளுக்குள் மின்முறையில் சரிபார்க்க வேண்டும். அது 2022 ஆகஸ்ட் வரை 120 நாளாக இருந்தது. அந்த 30 நாளும் தவறினால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும்.

தாமதக் கணக்குக்கான கடைசி நாளான டிசம்பர் 31-ம் போனால் பிறகு இருப்பது புதுப்பித்த கணக்கு. 2025 நிதிச் சட்டம் அதற்கு 48 மாத அவகாசம் தந்தது. தாமதத்துக்கு ஏற்ப 25 முதல் 70 சதவீதம் கூடுதல் வரி. துறைக்குப் பணம் கொடுப்பதற்கு மட்டுமே அந்தக் கதவு திறக்கும். ஜாப் ஒர்க் பில்லில் கம்பெனி ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்திருக்கிறது, வருமானமோ வரி வரம்பைத் தொடவில்லை, பணத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று அந்த வழியாகக் கேட்க முடியாது.

நீட்டிப்புகளின் வரலாற்றிலேயே வாரியத்தின் அருஞ்செயல் 2021-ல் நிகழ்ந்தது. இன்ஃபோசிஸ் கட்டிய புதிய தளம் அந்த ஆண்டு ஜூன் 7 அன்று திறக்கப்பட்டு, திறந்த நாளிலிருந்தே தடுமாறியது. ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நேரில் அழைத்துக் கேட்கும் அளவுக்குப் போனது. கணக்குத் தாக்கல் கெடு செப்டம்பர் 30-க்கும் பின்னர் டிசம்பர் 31-க்கும் தள்ளிப்போனது. ஆனால் கெடு தள்ளிப்போன சேதி வாரியத்தின் மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஜூலை 31 தாண்டியதும் அது பாட்டுக்குத் தாமதக் கட்டணமும் வட்டியும் கணக்கிட்டது. பிழையைச் சரிசெய்துவிட்டோம், தவறாகக் கட்டியவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று துறை ஆகஸ்டில் விளக்கம் தந்தது. வாரியத்தின் சொந்தக் கணினியே வாரியத்தின் நீட்டிப்பை நம்பவில்லை என்பது கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ஓரளவு ஆறுதல்.

தாமதத்துக்குச் சிறையும் உண்டு என்பதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஜெயலலிதாவும் சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த சசி என்டர்பிரைசஸ் 1991–92, 1992–93 ஆண்டுகளுக்கும், இருவரும் தனித்தனியே 1993–94-க்கும் கணக்கு தாக்கல் செய்யவில்லை என்று 276சிசி பிரிவில் வழக்கு வந்தது. பிற்பாடு தாக்கல் செய்யச் சட்டம் அவகாசம் தருகிறதே என்ற வாதத்தை 2014 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிய தேதியில் செய்யாததே குற்றம் என்று சொல்லி, நான்கு மாதத்தில் விசாரணையை முடிக்கச் சொன்னது. பின்னர் சமரசக் கட்டணம் செலுத்தப்பட்டு வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தாமதத்தைப் பைசல் செய்ய அரசுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலானது. ரோலிங் மில் தொழிலாளியின் தாமதமோ தளத்திலேயே நொடியில் பைசலாகிறது. கணக்கோடு கட்டணத்தையும் கட்டியாக வேண்டும். நீதி தாமதமாகிறது என்று யார் சொன்னது?

திருவள்ளூர் மாவட்டத்தைத் தில்லிக்குத் தெரியவே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கம்பெனிகளுக்குள் தண்ணீர் புகுந்து மோட்டாரும் பில் புத்தகமும் ஒன்றாக மிதந்தபோது, ஜிஎஸ்டி பார்க்கும் சகோதர வாரியம் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று நான்கு மாவட்டங்களைப் பெயர் சொல்லியே நவம்பர் மாத 3பி படிவத்துக்கு டிசம்பர் 27 வரை அவகாசம் தந்தது. அந்த அறிவிக்கையின் தேதி டிசம்பர் 20. பழைய கெடுவும் டிசம்பர் 20. கடைசி நாளில் கருணை காட்டுவது இந்தக் குடும்பத்துக்கே உரிய பழக்கம் போலிருக்கிறது. 2015 பெருவெள்ளத்தின்போது தங்கள் வாரியமும் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் முன்கூட்டிய வரியின் டிசம்பர் தவணையை 15-லிருந்து 31-க்குத் தள்ளிவைத்தது. ஆக, மனமும் உண்டு, அதிகாரமும் உண்டு. கடிகாரம்தான் கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது.

வெளியூரில் என்ன செய்கிறார்கள் என்று கும்மிடிப்பூண்டியில் விசாரித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஏப்ரல் 15 கெடு. முடியாதவர் 4868 என்ற படிவத்தைக் கொடுத்தால் அக்டோபர் 15 வரை அவகாசம் தானாகக் கிடைக்கிறது, காரணம் கேட்பதில்லை. வரிப் பணத்தை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். இலங்கையிலும் நம்மைப் போலவே மார்ச் 31-ல் வரி ஆண்டு முடிகிறது. கணக்கு தர நவம்பர் 30 வரை நேரம். இரண்டு இடத்திலும் எந்தத் தேதி என்று ஆண்டின் தொடக்கத்திலேயே தெரியும். நள்ளிரவில் எக்ஸ் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் திறமை அங்கே யாருக்கும் வளரவில்லை, பாவம்.

1961 சட்டத்துக்கு ஓய்வு கொடுக்கும் புதிய வருமான வரிச் சட்டத்துக்குத் தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் இனி ‘வரி ஆண்டு’ மட்டும். அந்த மகிழ்ச்சியில் மூன்று சிறு விண்ணப்பங்கள். தேதியைத் தள்ளிவைப்பதென்றால் கெடுவுக்குப் பதினைந்து நாள் முன்பே சொல்லிவிடலாம். படிவமும் மென்பொருளும் எத்தனை நாள் தாமதமாக வருகின்றனவோ அத்தனை நாள் கெடுவும் தானாக நகரலாம். சுற்றறிக்கைக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. வரி பூஜ்ஜியம் என்றால் தாமதக் கட்டணமும் பூஜ்ஜியமாகலாம்.

இக்கடிதத்துக்கு 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். பதிலில் எழுத ஒன்றுமே இல்லை என்றாலும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்புவது கட்டாயம். தவறினால் கட்டணம் 5,000 ரூபாய். மாதத்தின் ஒரு பகுதி முழு மாதமாகக் கொள்ளப்படும். பதிலை அனுப்பினால் மட்டும் போதாது, மின்முறையில் சரிபார்க்கவும் வேண்டும். அதற்கான ஓடிபி கேட்டில் வாங்கி வைக்கப்பட்டிருக்கும் செல்போனுக்கு வரும்.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட், ‘பி’ யூனிட், கும்மிடிப்பூண்டி.

இணைப்பு: ஃபார்ம் 16 (கம்பெனி கொடுத்ததும் அனுப்பப்படும்).