சேவைக்கு ஒத்திகை

கென்யா போகப்போகிறவரை உங்களுக்கும் தெரியும். உங்கள் அப்பார்ட்மென்ட்டில் அவர் நேபாளம் போகப்போகிறவராக இருக்கலாம், கம்போடியா போகப்போகிறவராக இருக்கலாம். ஊர்தான் வேறு, ஆள் அதே ஆள். நாற்பதைத் தாண்டியிருப்பார். ஐ.டி. கம்பெனியில் ஏதோ ஒன்றுக்கு ஹெட். மாரத்தான் ஓடி மெடலை ஹாலில் மாட்டியாயிற்று. மாடித்தோட்டம் போட்டு, அதைக் காயவும் விட்டாயிற்று. இப்போது நைரோபியில் கிபேரா என்கிற குடிசைப் பகுதிக்குப் போய், சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறார். டிசம்பரில் பயணம். பிப்ரவரியிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறார்.

லிஃப்டில் மாட்டினால் தடுப்பூசி. "எல்லோ ஃபீவர் போட்டாச்சு சார், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல" என்று மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டுவார். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் போட்டுக்கொண்டாலே போதும். இவர் மார்ச்சிலேயே போட்டுக்கொண்டு அட்டைக்கு உறையும் தைத்துவிட்டார். மலேரியாவுக்கு மூன்று கொசுவலை. நைரோபி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரத்தில் இருக்கிறது. கொசுவலையைவிட ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் உதவும் என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சொல்வாங்க சார், ஆப்பிரிக்கா ஆப்பிரிக்காதானே" என்றார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் குடியிருக்கும் எங்களுக்குத்தான் அந்த மூன்று வலையும் வேண்டும்.

கைபேசியில் சுவாஹிலி படிக்கிறார், இலக்கண சுத்தமாக. நைரோபிப் பிள்ளைகள் தெருவில் பேசுவதோ சுவாஹிலியும் ஆங்கிலமும் கலந்துகட்டிய ஷெங். தொல்காப்பியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வியாசர்பாடியில் ஆட்டோவுக்குப் பேரம் பேசக் கிளம்பிய கதைதான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சகிக்க முடியாதது அவருடைய ஒத்திகை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, கார் பார்க்கிங்கில். அப்பார்ட்மென்ட் குழந்தைகள்தான் கென்யக் குழந்தைகள். கூலி, ஆளுக்கு ஒரு சாக்லேட். "ஜாம்போ!" என்று இவர் இரண்டு கையையும் தூக்குவார். "ஜாம்போ!" என்று அவர்களும் தூக்க வேண்டும். அப்புறம் தலை, தோள், முழங்கால், கால்விரல் என்று தொட்டுக் காட்டுகிற ஆட்டம், சுவாஹிலியில். முழங்கால் வரை குனிவதற்குள் இவருக்கு மூச்சு வாங்கும். கால்விரலைக் குழந்தைகள் தாங்களாகவே தொட்டுக்கொள்வார்கள்.

"அங்கிள், கென்யா பசங்களுக்கு இது ஏற்கெனவே தெரிஞ்சிருக்குமே? சுவாஹிலி அவங்க பாஷைதானே?" என்று பி பிளாக்கில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் கேட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு உதவி ஆசிரியை பதவி. சாக்லேட் இரண்டு.

குழந்தைகள் போதாமல் பெரியவர்களும் உள்ளே இழுக்கப்பட்டோம். சங்கச் செயலாளர் ஊர்ப் பெரியவர். மூன்றாம் மாடி மாமி பள்ளிச் சமையல்காரர். பேச்சு கிடையாது, சிரித்தால் போதும். எனக்குத் தலைமையாசிரியர் வேஷம்.

"சார், நான் உள்ளே வருவேன். நீங்க எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொல்லணும். குரல் லேசாத் தழுதழுக்கணும்."

"எதுக்கு நன்றி? நீங்க இன்னும் வந்து உட்காரக்கூட இல்லையே?"

"இது கடைசி நாள் சீன் சார். முதல் நாள் சீன் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

கடைசி நாள் சீன்தான் அவருக்கு உயிர். மற்றதெல்லாம் ஒருமுறை நடந்தால், இது நாலுமுறை நடக்கும். இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். இவர் மண்டியிட வேண்டும். குழந்தைகளின் உயரத்துக்கு இறங்கினால்தான் போட்டோவில் முகம் விழுமாம். தூணுக்குப் பக்கத்தில் மனைவி கைபேசியோடு நிற்பார். "வெளிச்சம் போகுதுங்க, சீக்கிரம் உருகுங்க" என்று அவர் ஒருநாள் சொன்னதை நானே கேட்டேன். சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அழுகை வரவில்லை. ஆட்டம் முடிந்து சாக்லேட் கைக்கு வரப்போகிற நேரத்தில் எந்தக் குழந்தை அழும்? "சோகமா இருங்கடா" என்று கெஞ்சுவார். அவை பல்லைக் காட்டும்.

ஒரே ஒருவன் மட்டும் ஒருநாள் அழுதான், யு.கே.ஜி. படிக்கிற அவருடைய சொந்தப் பையன். சட்டையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதான். அப்பா நிஜமாகவே ஊருக்குப் போகப்போகிறார் என்பதை வீட்டில் யாரும் அவனுக்கு அதுவரை சொல்லவில்லையாம். மனிதர் அவனை அப்படியே அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மண்டியிடவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. அன்றைக்கு சாக்லேட் டப்பாவைக் கேட்பாரில்லாமல் குழந்தைகளே காலி செய்தன.

நல்ல மனிதர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது, தரைத்தளத்து வீடுகளுக்கு இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ப் பால் கொடுத்தவர் இவர். ஒத்திகை கிடையாது, போட்டோ கிடையாது. கதவைத் தட்டி "எத்தனை பாக்கெட் வேணும்?" என்று கேட்டார். சொன்னதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கென்யா விஷயத்தில் அந்த ஒரு கேள்வியைத்தான் காணோம். பென்சில், பலூன், தொப்பி, மினுமினுப்பு ஸ்டிக்கர் என்று மூட்டை மூட்டையாகச் சேர்க்கிறார். தினத்துக்கு ஒன்றாக பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டியிருந்தார். கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, மாட்டினால் அபராதம் மட்டுமல்ல, சிறைகூட உண்டு என்று சொன்னதும் ஜவுளிக்கடை மஞ்சப்பை வேட்டை தொடங்கியது. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஒரு கட்டு போயிருக்கிறது.

இப்படியே போயிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே தலைமையாசிரியராக இருந்திருப்பேன். ஏதோ ஞாபகத்தில், "கென்யாவில் பள்ளிக்கூட வருஷம் ஜனவரியில் தொடங்குமே, நவம்பர், டிசம்பர் பெரிய லீவாச்சே, யாருக்குப் பாடம் எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவு திறந்தும் அவர் வெளியே வரவில்லை.

அனுப்பிவைக்கிற அமைப்புக்கு அன்று ராத்திரியே எழுதினார். இவரிடம் கணிசமாகப் பணம் வாங்கிக்கொண்ட அமைப்பு அது. காலையில் பதில் வந்துவிட்டது. கவலை வேண்டாமாம். அந்த இரண்டு வாரமும் குழந்தைகளை வரவழைத்து வைப்பார்களாம்.

"பார்த்தீங்களா சார், எவ்வளவு பொறுப்பு!" என்று வந்து நின்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவில் விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தையைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறார்கள், இவர் ஏ, பி, சி, டி சொல்லித்தர. ஆங்கிலம் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. வருஷம் முழுக்க அங்கே ஒரு டீச்சர் அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் போக வேண்டிய அந்த டீச்சரும், கூட்டத்தைச் சமாளிக்க இவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். ஆள் வருகிறார் என்றால் குழந்தை தயாராகிவிடும். இது புதிதும் இல்லை. கம்போடியாவில் அனாதை இல்லங்களைப் பார்க்கவும் அங்கே தொண்டு செய்யவும் வெளிநாட்டார் குவிந்தபோது இல்லங்களும் பெருகின. அங்கிருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்ததை 2011-ல் அந்த அரசும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே சொன்னது. இரண்டு வாரத்துக்கு ஒரு புது மாமா, அவர் போனதும் இன்னொரு அத்தை. நம் வீட்டுக் குழந்தையிடம் முன்பின் தெரியாத ஒருவர் இப்படி வந்து கொஞ்சிவிட்டுப் போக நாம் விடுவோமா? வாட்ச்மேனே கேட் தாண்ட விடமாட்டார்.

இதையெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "டிக்கெட் ரீஃபண்ட் கிடையாது சார்" என்றார் மெல்ல.

"சரி, அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சருக்காவது ஒரு வார்த்தை எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"என்ன வேணும்னு கேளுங்க. நீங்க வரணுமா, வேண்டாமான்னும் கேளுங்க. பணமா அனுப்பினா உதவியா இருக்குமான்னு கேளுங்க. மிக்ஜாம் அப்போ பால் பாக்கெட்டுக்குக் கேட்டீங்களே, அது மாதிரி."

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முகம் மலர்ந்து, "சூப்பர் சார், ஒரு கூகுள் ஃபார்ம் போட்டுடறேன்" என்று மாடிக்கு ஓடினார்.

ராத்திரி எனக்கும் அனுப்பியிருந்தார், சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லி. மொத்தம் 18 கேள்விகள். முதல் கேள்வி: எங்கள் வருகையை எவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கிறீர்கள்? 'மிகுந்த ஆவலோடு' என்பதில் தொடங்கி 'சொல்ல முடியாத ஆவலோடு' என்பது வரை ஐந்து கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது.